மாரி மீனும் வியாபாரியின் முதலும்

மாரி பிறந்து கிழக்கில் கடல் கொந்தளித்தால் தோணிகள் கரையேறிவிடும். அப்போது கல்முனை, சம்மாந்துறைச் சந்தைகளில் கறிக்குக் கைகொடுப்பது குளத்து மீன்தான். திலாப்பியா, விரால், கெளுத்தி எது வந்தாலும் நல்ல விலை. முப்பது வருடமாக மீன் வியாபாரம் செய்பவன் என்ற வகையில் சொல்கிறேன்: இந்த நல்ல விலைதான் நமது குளங்களுக்குக் கேடாகிறது.

மாரியில் குளம் நிரம்பி மீன் பரந்துவிடுவதால் பெரிய கண் வலையில் குறைவாகவே படும். சந்தையோ மீன் கேட்கிறது. எனவே சிலர் சிறுகண் வலையை இறக்குகிறார்கள். கோடையில் வற்றும் சிறு குளங்களில் ரோகு, கட்லா குஞ்சுகளை விடுவதும் இதே மாரியில்தான். இவை அக்குளங்களில் தாமாக இனம் பெருக்குவதில்லை. விட்டது எவ்வளவோ அவ்வளவுதான்.

விராலும் இக்காலத்தில் வெள்ளம் நின்ற வயலோரங்களில் குஞ்சு பொரிக்கும். சிவந்த குஞ்சுக் கூட்டம் மேலே திரிய, தாய் தகப்பன் கீழே காவல் நிற்கும். அங்கே தூண்டில் போட்டால் காவல் மீன் பாய்ந்து கடிக்கும். அதைத் தூக்கிவிட்டால் குஞ்செல்லாம் மற்ற மீன்களுக்கு இரை.

நானும் குற்றவாளிதான். ஒரு தை மாதம் விரல் நீள மீன் ஐந்து பெட்டி மலிவாக வந்தது. வாங்கிக் கருவாடு போட்டு விற்றேன். ஆவணியில் அதே குளத்துக்கு லொறி அனுப்பினேன். ஒரு பெட்டிகூட நிரம்பவில்லை. "காக்கா, இந்த மீனத்தான் நீங்க தையிலேயே வாங்கிட்டுப் போயிட்டீங்களே" என்றார் வலைகாரர் ஒருவர். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வலைக் கண்ணின் அளவுக்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு குளக்கட்டிலும் அதிகாரி நிற்க முடியாது. வாங்க ஆளில்லாத மீனை விற்பனைக்கென்று யாரும் பிடிக்கமாட்டார்கள். ஆகவே முதல் பொறுப்பு வியாபாரிகளாகிய நம்முடையது.

மாரியில் அவர்கள் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும் என்பது நியாயமான கேள்வி. அதற்கும் வழியுண்டு. பெரிய மீனுக்குக் கிலோவுக்குச் சில ரூபா கூட்டிக் கொடுப்போம். ஆவணி அறுவடையை நம்பி ஒரு சிறு தொகையை இப்போதே முற்பணமாகக் கொடுப்போம். விதைநெல்லை அவித்துத் தின்றவனுக்கு அடுத்த போகம் இல்லை. குஞ்சு மீனை வாங்கும் வியாபாரிக்கும் அதே கதிதான்.