பருவம் தவறிய நீர்

ராஜஸ்தானின் பரத்பூர் என்றதும் குளிர்காலத்தில் இமயம் கடந்து வரும் வெளிநாட்டுப் பறவைகளே நினைவுக்கு வருகின்றன. 2001-02 குளிர்காலத்துக்குப் பிறகு சைபீரியப் பெருங்கொக்கு அங்கு வருவதில்லை என்பதும் நாடறிந்த துயரம். ஆனால், அவை விருந்தாளிகள். அங்கு முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தவை அல்ல. பரத்பூரையே பிறப்பிடமாகக் கொண்ட மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், கரண்டிவாயன் போன்றவற்றின் வாழ்வும் சாவும் சுற்றுலாப் பயணிகள் அதிகம் வராத மழைக்காலத்தில்தான் தீர்மானிக்கப்படுகின்றன. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

சுமார் 29 சதுர கி.மீ. பரப்புள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர்நிலை. அதுவும் இயற்கையாக அமைந்ததன்று. 18-ஆம் நூற்றாண்டில் பரத்பூர் மன்னர் சூரஜ்மல் காலத்தில் அஜான் அணை எழுப்பப்பட்டது. அங்கு தேக்கப்படும் கம்பீர் ஆற்றின் வெள்ளம் மதகுகள் வழியே இந்தத் தாழ்நிலத்தில் விடப்படுகிறது. நீரில் மூழ்கி நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. சுற்றிலும் நீர் இருக்கும்வரை நரியும் காட்டுப்பூனையும் மரத்தை நெருங்குவது கடினம்.

மஞ்சள்மூக்கு நாரை அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம். குஞ்சு பறக்கத் தேறுவதற்கு மேலும் இரண்டு மாதங்கள். இந்த மூன்று மாதங்களும் தண்ணீர் வற்றக் கூடாது. குஞ்சுகளின் உணவு பெரும்பாலும் மீன்தான். அந்த மீன் எங்கிருந்து வருகிறது? புதுவெள்ளத்தோடு அடித்துவரப்படும் மீன்குஞ்சுகள் ஆழமற்ற நீரில் பெருகுவதும், கூடுகளில் குஞ்சுகள் வாய் பிளப்பதும் ஒரே காலத்தில் நிகழ வேண்டும். ஆகஸ்டில் வர வேண்டிய நீர் நவம்பரில் வந்தால் வாத்துகளுக்கு உதவலாம். நாரைக்கு அந்த ஆண்டு போனதுதான்.

இந்தக் கணக்கு 2004-இல் பிசகியது. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில், கரௌலி மாவட்டத்தில் எழுந்த பாஞ்சனா அணையில் நீர் இருந்தும், பகுதி விவசாயிகளின் கடும் எதிர்ப்பால் அது பூங்காவுக்குத் திறக்கப்படவில்லை. "பறவைகளுக்கா, விவசாயிகளுக்கா?" என்ற கேள்வி அரசியல் மேடைகளில் எழுந்தால் விடை என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மழை குறைந்த மாவட்டத்தின் விவசாயி தன் ஊர் அணை நீரைத் தன் வயலுக்குக் கேட்பதில் குற்றம் காணவும் முடியாது. அணை கட்டும்போதே கீழ்ப்பகுதிக்குரிய பங்கை வரையறுத்து உறுதிசெய்யாத அரசுதான் இதற்குப் பொறுப்பு.

சுற்றுப்புற மக்களைப் பகைத்துக்கொள்வது பரத்பூர் நிர்வாகத்துக்குப் புதிதல்ல. 1982-இல் பூங்காவுக்குள் எருமைகள் மேய்வதற்குத் தடை விதிக்கப்பட்டபோது ஏற்பட்ட மோதலில் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் பலியாயின. பிறகு நடந்தது என்ன? எருமைகள் தின்றுவந்த புல் மண்டி நீர்ப்பரப்பையே அடைத்தது. தடையால் நன்மையைவிடத் தீமையே அதிகம் விளைந்தது என்பதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட கால ஆய்வு எடுத்துக்காட்டியது. நம் வேடந்தாங்கலில் பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதால் ஊரே பறவைகளுக்குக் காவல் நிற்கிறது. பரத்பூரிலோ பறவையும் உழவனும் எதிரெதிர் அணியில் நிறுத்தப்பட்டனர்.

2004 நெருக்கடிக்குப் பின்னர் கோவர்த்தன் வடிகாலிலிருந்து குழாய் வழியாகவும், சம்பல் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் பூங்காவுக்கு நீர் கொண்டுவர ஏற்பாடு செய்யப்பட்டது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமைக்கு வந்த ஆபத்தைத் தணிக்க அது உதவியது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால், ஆண்டுக்குச் சுமார் 55 கோடி கன அடி நீர் தேவை என்ற கணக்கை மட்டும் பார்த்து, எந்த நீராயினும், எப்போது வந்தாலும் போதும் என்று அதிகாரிகள் கருதுவார்களேயானால் அது பிழை. நகரக் கழிவும் கலக்கக்கூடிய வடிகால் நீர் ஆற்றின் புதுவெள்ளத்துக்கு ஈடாகாது.

தலைநகர் தில்லியின் உயிரியல் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். அங்கு 1960 முதல் காட்டு மஞ்சள்மூக்கு நாரைகள் தாமாகவே வந்து, குளத்தீவுகளின் மரங்களில் கூடு கட்டி வருகின்றன. கூண்டும் இல்லை, கட்டாயமும் இல்லை. மரத்தடியில் எப்போதும் நீர் நிற்கும் என்ற உறுதி ஒரு பறவையை மாநகரின் நடுவிலும் தங்கவைக்கிறது என்றால், பரத்பூரில் அந்த உறுதியைத் தருவது அரசுக்கு இயலாத காரியமா?

2024 ஜனவரியில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மத்திய அரசு ஆகியவை பார்வதி - காளிசிந்த் - சம்பல் நதி இணைப்புத் திட்டத்துக்காகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. கிழக்கு ராஜஸ்தானின் நீர்ப் பற்றாக்குறையைத் தீர்ப்பதே நோக்கம். கரௌலி விவசாயிக்கு அதன் வழியே மாற்று நீர் கிடைக்குமானால், பாஞ்சனாவில் பூங்காவின் பங்கை விட்டுக்கொடுக்க அவருக்குத் தயக்கம் இருக்காது. அந்தப் பங்கின் அளவும், அது திறக்கப்பட வேண்டிய மாதமும் அணையின் இயக்க விதிகளிலேயே எழுதப்பட வேண்டும். முதல்வர் மாறும்போதும் தேர்தல் நெருங்கும்போதும் மாறாத விதியாக அது இருக்க வேண்டும். பருவமழைக்கு முன்பே கரௌலி, பரத்பூர் விவசாயப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசும் வேலையை ராஜஸ்தான் அரசு தொடங்கட்டும்.