ஆயிரம் பேர் வந்தாங்க, ஒருத்தரும் ப்ளவுஸ் தைக்கல

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி ஓவர். புடுங்குறது எல்லாமே தேவையில்லாத ஆணிதான், அது வேற விஷயம். ஒட்டடை அடிச்சிட்டு மேட்டருக்கு வர்றேன்.

போன வாரம் எங்க டீம்ல புதுசா சேர்ந்த பையன் வந்து, "அண்ணா, இன்ஸ்டால ஒரு பேஜ் ஆரம்பிச்சிருக்கேன். ஃபாலோயர் ஏத்துறது எப்படிண்ணா?"ன்னு கேட்டான். ரெண்டு வருஷம் முன்னாடின்னா அங்கேயே பத்து டிப்ஸ் எடுத்து விட்டிருப்பேன். இப்ப வாய் வரல. ஏன்னா அந்தப் பத்து டிப்ஸையும் ஏற்கனவே ஒருத்தர் தலையில கட்டி அவங்க வாழ்க்கையில விளையாடியிருக்கேன். அது எங்க அக்கா.

அக்கா டெய்லர். வீட்டு முன்ரூம்ல ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, அவ்ளோதான் கடை. மாமாவுக்கு வேலை போன வருஷம், "யூட்யூப்ல தையல் சொல்லிக் குடுத்தா காசு வருமாமேடா"ன்னு கேட்டாங்க. குடும்பத்துல ஒரே இஞ்சினியர் நான். சும்மா இருப்பேனா? எக்ஸெல் ஷீட் போட்டு திட்டம் தீட்டினேன்.

என்னென்ன பண்ணினேன்னு வரிசையா சொல்லிடறேன், சிரிக்கறவங்க சிரிச்சுக்கலாம்.

1. தினமும் ஒரு ஷார்ட்ஸ் போட வச்சேன். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தச்சிட்டு, அதுக்கப்புறம் ட்ரெண்டிங் பாட்டு போட்டு வீடியோ எடுத்தாங்க.

2. "நீ எனக்கு சப்ஸ்க்ரைப் பண்ணு, நான் உனக்குப் பண்றேன்" குரூப்புகள்ல சேர்த்து விட்டேன். மூணு மாசத்துல ஆயிரம் பேர்.

3. இதுதான் உச்சம். இன்ஸ்டால 800 ரூபாய் குடுத்து ரெண்டாயிரம் ஃபாலோயர் வாங்கினேன். அக்காகிட்ட சொல்லாமலே.

மறுநாள் காலைல அக்கா அந்த லிஸ்ட்டைப் பார்த்துட்டு போன் பண்ணினாங்க. பாதிப் பேரு வாயிலயே நுழையல. "டேய் தம்பி, இவங்கள்ல யாருக்குடா ப்ளவுஸ் தைக்கணும்?"

பதில் இல்ல என்கிட்ட.

இதுல ரெண்டாவதைக் கொஞ்சம் பேசணும். அது நமக்குத் தெரியாத விஷயமே இல்ல, மொய் தான். நீ எனக்குப் பின்னூட்டம் போடு, நான் உனக்குப் போடறேன்னு பதிவுலகத்துலயும் ஒரு காலத்துல ஓடினதா சீனியர்கள் சொல்லக் கேட்டிருக்கேன். ஆனா புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் மொய் விருந்து வைக்கிறாங்களே, அங்க வர்றது நிஜக் காசு. நோட்டு போட்டு எழுதி வைப்பாங்க, நாளைக்கு அதைத் திருப்பிச் செய்யணும். அதுல ஒருத்தர் வீடு கட்டுவார், கடனை அடைப்பார். இங்க கிடைச்சது என்ன? எண்ணிக்கை மட்டும். எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்திருக்கோம், சமைச்சவனும் இல்ல, சாப்பிட்டவனும் இல்ல.

சின்னதா ஒரு கணக்கு. 2018ல யூட்யூப் விதியை மாத்தினாங்க. விளம்பரக் காசு வரணும்னா 1000 சப்ஸ்க்ரைபர், கூடவே கடைசி 12 மாசத்துல 4000 மணி நேரம் ஜனங்க பார்த்திருக்கணும். 2023ல 500 சப்ஸ்க்ரைபர், 3000 மணி நேரம்னு ஒரு கீழ்ப்படி வச்சாங்க. ஆனா அது ரசிகர்கள் நேரா குடுக்கற காசு மாதிரி விஷயங்களுக்குத்தான், விளம்பரத்துக்குப் பழைய அளவேதான். இப்ப 4000த்தை 1000த்தால வகுங்க. ஆளுக்கு நாலு மணி நேரம். மொய் வச்சவன் அக்கா சேனல்ல நாலு மணி நேரம் உட்கார்ந்து காஜா தைக்கறதைப் பார்ப்பானா? அவனுக்கு அவன் சேனல் கவலை.

இன்னொரு கொடுமையும் இருக்கு. ஷார்ட்ஸ் ஃபீட்ல பார்க்கற நேரம் அந்த 4000த்துல சேராது. ஷார்ட்ஸுக்குத் தனிக் கணக்கு, 90 நாள்ல ஒரு கோடி பார்வை. விதியிலயே எழுதியிருக்கு. ஊர்ப்பட்ட ரெக்வயர்மென்ட் டாகுமெண்ட் படிக்கற நான் அதைப் படிக்கல. அக்காவோட நூத்துச் சொச்சம் ராத்திரி அப்படியே போச்சு. கண்ணு எரியுதுன்னு ரெண்டு கல்யாண ஆர்டரைத் திருப்பி அனுப்பினாங்க அந்த சமயத்துல. அதை நினைச்சா இன்னும் ஒரு மாதிரி இருக்கு.

கடைசில ஒரு சண்டை. "இனிமே உன் ஐடியா வேணாம்"ன்னுட்டாங்க. ரெண்டு மாசம் சேனல் தூங்குச்சு.

அப்புறம் ஒருநாள் வாடிக்கையா வர்ற ஒரு அக்கா, "கையைத் தூக்கினா ப்ளவுஸ் மேல ஏறுது, ஏன்?"ன்னு கேட்டிருக்காங்க. வாயால சொல்லிப் புரியலன்னு எங்கக்கா துணியை விரிச்சு வெட்டிக் காட்டி, அதைப் போன்ல எடுத்துப் போட்டாங்க. பாட்டு இல்ல, டைட்டில் கார்டு இல்ல. விஷயம் இவ்ளோதான்: பிடிக்குதேன்னு அக்குள் பக்கம் இன்னும் கீழ இறக்கி வெட்டினா தொல்லை அதிகமாகும். அங்க இறக்கம் கூடினாத்தான் கையைத் தூக்கும்போது ப்ளவுஸும் சேர்ந்து மேல போகும். ஒன்பது நிமிஷ வீடியோ. அதை இன்னைக்கும் தேடி வந்து பார்க்கறாங்க. "எனக்கும் இதேதான் அக்கா, அளவு ப்ளவுஸ் அனுப்பவா?"ன்னு கேட்கறாங்க.

"எல்லாம் லக்கு பாஸ்"னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. லக் உண்டு, நான் மறுக்கல. புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2018ல ஆரம்பிச்சு, 2021ல ஒரு கோடி சப்ஸ்க்ரைபர் தொட்ட முதல் தமிழ் சேனல் ஆச்சு. அதைப் பார்த்து வயல்ல அண்டா வச்சவங்க எத்தனை பேர்! அண்டாவைக் காப்பி அடிச்சாங்க. அந்தத் தாத்தா சமையலையே தொழிலா பார்த்தவர்ங்கறதைக் காப்பி அடிக்க முடியுமா? நமக்கு ஒரு கோடி வராது, பரவால்ல. ஆனா கைக்குத் தெரிஞ்ச வேலைல இருந்து ஆரம்பிக்கறது மட்டும் யாருக்கும் முடியும்.

என் கருத்து இதுதான். புதுசா ஆரம்பிக்கறவனுக்குக் கூட்டம் தேவையில்ல, கேள்வி கேட்க பத்துப் பேர் போதும். அந்தப் பத்துப் பேர் யாருன்னு தெரியாம "தினமும் போடு, விடாம போடு"ன்னு சொல்றது கம்பெனிக்கு லாபம், நமக்குத் தூக்கம் போறதுதான் மிச்சம். முதல்ல ஒருத்தரோட ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லுங்க. அதே கேள்வி இன்னும் ஆயிரம் பேர்கிட்ட இருந்தா அவங்களே தேடி வருவாங்க. இல்லன்னாலும் அந்த ஒருத்தருக்காவது உதவின மாதிரி ஆச்சு.

அக்காவுக்கு இன்னும் விளம்பரக் காசு ஒரு ரூபா வரல. மொய் சப்ஸ்க்ரைபர்ல பாதி கழண்டுட்டாங்க. ஆனா போன தீபாவளிக்கு வெளியூர்ல இருந்து மட்டும் பதினாலு ப்ளவுஸ் கூரியர்ல வந்துச்சு. உதவிக்கு ஒரு பொண்ணை வச்சிருக்காங்க.

ஜூனியர் பையன்கிட்ட "உன் முதல் பத்துப் பேர் யாருடா?"ன்னு கேட்டேன். "யோசிச்சு சொல்றேண்ணா"ன்னு போனான். வேற யார்கிட்டயோ டிப்ஸ் வாங்கியிருப்பான்னு நினைக்கிறேன் :-)

உங்க முதல் பத்துப் பேர் யாரு மக்களே? பின்னூட்டத்துல சொல்லுங்க. மொய்க்காக இல்ல, நிஜமாவே கேட்கறேன்.

டிஸ்கி: அந்த 800 ரூபாயை அக்கா இன்னும் கணக்குல வச்சிருக்காங்க. ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லிக் காட்டறாங்க.