பெரிசைப் பார்த்துச் சின்னது பழகுமாம்

“பெரிசைப் பார்த்துச் சின்னது தன்ர பாட்டில பழகிடும்.” வீட்டுக்கு இரண்டாவது நாய் வரும்போது எல்லாரும் சொல்லுற வசனம் இது. எங்களுக்கும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். நம்பினதில மூன்று சோடி செருப்பு, வீட்டுக்கார அன்ரியின்ர நந்தியாவட்டைக் கன்று, பக்கத்து வீட்டு ஐயாவின்ர காற்சட்டைக் கால் எல்லாம் போச்சு. கடைசியில் ஒரு குட்டியை நாங்களே தெருவில விடுகிற அளவுக்கு வந்துவிட்டோம். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கு.

நாங்கள் நாலு பேர், கலைப்பீடம். திருநெல்வேலியில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். வீட்டோட சேர்ந்து கிடைத்தது சீசர். அன்ரி கொழும்புக்குப் போகேக்க “நாய்க்கு ஒரு நேரச் சாப்பாடு குடுங்கோ பிள்ளையள், வாடகையில பார்ப்பம்” என்று சொல்லிவிட்டுப் போனவ. (வாடகையில பார்க்கவே இல்லை.) சீசருக்கு ஆறேழு வயது இருக்கும். படலைக்குள்ள ஆர் வந்தாலும் குரைக்கும், ஆனா “இரு” என்றால் இருக்கும், “விடு” என்றால் விடும். யாரோ முந்தி வடிவாப் பழக்கியிருக்கினம்.

கச்சான் வந்தது நல்லூர்த் திருவிழா முடிஞ்ச கிழமை. கச்சான் கடைகள் கழட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு மேசைக்குக் கீழ கிடந்தது, இரண்டு மாதக் குட்டி. பெயர் வைக்க நாங்கள் பெரிசா யோசிக்கேல்ல. தூக்கிக்கொண்டு வந்தோம். வந்த அன்றைக்கே தீர்மானம் எடுத்தாச்சு: சீசர் நல்ல நாய், குட்டி அதைப் பார்த்துப் பழகட்டும், நாங்கள் அசைன்மென்ற் எழுதுவம்.

குட்டி பழகாமல் இல்லை. நாலே மாதத்தில் சீசரிட்ட இருந்து கனக்கப் பழகிச்சு. சைக்கிளைக் கண்டால் மதிலோரமா ஓடுவது, விடிய ஐந்து மணிக்கு ஒரு சத்தமும் இல்லாமலே குரைக்கத் தொடங்குவது, குப்பைக் கிடங்கைக் கிண்டுவது எல்லாம் அச்சொட்டா வந்திட்டுது. “இரு” மட்டும் வரவேயில்லை. ஏன் என்று இப்ப யோசித்தால் விளங்குது. குரைக்கிறதும் ஓடுறதும் செய்யும்போதே சந்தோசம் தருகிற வேலைகள், அதற்கு வேற கூலி தேவையில்லை. “இரு” என்ற சொல்லுக்கு இருப்பது அப்படியில்லை. அதற்கு ஒரு மனிசன் முன்னால நின்று, சரியான நேரத்தில் ஏதாவது குடுக்க வேணும். சீசர் இருக்கிறதைக் கச்சான் ஆயிரம் தரம் பார்த்தாலும், சீசருக்கு ஏன் பிஸ்கற் கிடைச்சது என்று அதுக்கு எப்படித் தெரியும்?

நாய் நாயைப் பார்த்துப் பழகவே பழகாது என்று நாங்கள் சொல்ல வரேல்ல. 1997இல் வெளியான தென்னாபிரிக்க ஆய்வு ஒன்று இருக்கு. போதைப்பொருள் தேடுகிற தாய் நாய்கள் வேலை செய்வதைப் பார்த்து வளர்ந்த குட்டிகள், பார்க்காத குட்டிகளைவிடப் பேந்து அந்த வேலையில் திறமாச் செய்ததாம். ஆனா அது பழக்குநர்கள் திட்டம் போட்டுச் செய்த வேலை. எங்கட விறாந்தையில் திட்டமும் இல்லை, பழக்குநரும் இல்லை. சோம்பலுக்கு ஒரு நல்ல பெயராகத்தான் “பார்த்துப் பழகும்” என்பதை நாங்கள் பாவித்தோம்.

அடுத்த பிழை எங்கட வாய். நாலு பேர், நாலு பாசை. ஒருத்தர் “சிற்” என்பார், இன்னொருத்தர் “இரு”, மற்றவர் “இரடா”, நாலாவது ஆள் “கச்சான், குழப்படி செய்யாமல் ஒருக்கா இரன் பாப்பம்” என்று முழு வசனமே கதைப்பார். எங்கட ஊரில நாயோட மட்டும் ஏன் எல்லாருக்கும் இங்கிலிஷ் வருகுது என்பது தனியா ஒரு கட்டுரைக்குரிய விசயம். “கம்”, “கோ”, “கெற் அவுட்” என்று நாயை அதட்டுகிற அதே அம்மம்மா பூனையைத் தமிழிலதான் கூப்பிடுவா. மொழியியல் படிக்கிற ஆரும் இதை ஆய்வுக்கு எடுக்கலாம். ஆனால் நாய்க்கு எந்த மொழியும் ஒன்றுதான். ஒரு செயலுக்கு ஒரே சத்தம் இருக்க வேணும், அவ்வளவுதான்.

இரண்டு நாய் நிக்கிற வீட்டில் இந்தக் குழப்பம் இரண்டு மடங்காகாது, நாலு மடங்காகும். “இரு” என்று நீங்கள் சொல்லும்போது எந்த நாய்க்குச் சொல்கிறீர்கள்? சீசர் இருக்குது, கச்சான் ஓடுது. நீங்கள் திரும்பவும் “இரு, இரு, இரு” என்று கத்துகிறீர்கள். ஏற்கனவே இருந்த சீசருக்கு இப்ப சந்தேகம் வருகுது, எழும்புது. இப்படியே ஒரு மாதம் போக, நல்லாப் பழகின சீசரும் கெட்டுப் போச்சு. பெரிசைப் பார்த்துச் சின்னது பழகும் என்று சொன்னவர்கள், சின்னதைப் பார்த்துப் பெரிசு மறக்கும் என்று சொல்லேல்ல.

பிஸ்கற் விசயம் இன்னும் மோசம். சீசர் சொன்னபடி கேட்கும், அதனால சீசருக்கே எல்லாம். கச்சான் பக்கத்தில நின்று பார்த்துக்கொண்டு நிக்கும். இது நியாயம்தானே என்று நினைத்தோம். பேந்துதான் வியன்னாவில் பிரீடரிக்க ராங்கே குழுவினர் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி வாசித்தோம். இரண்டு நாய்களைப் பக்கத்துப் பக்கத்தில் இருத்தி, கை குடுக்கச் சொல்லியிருக்கினம். ஒன்றுக்கு மட்டும் தீன் குடுத்து மற்றதுக்கு ஒன்றும் குடுக்காமல் விட, கிடைக்காத நாய் கொஞ்ச நேரத்தில் கை குடுக்கிறதை நிப்பாட்டிப் போட்டுதாம். அதே நாய் தனிய நின்று தீன் இல்லாமல் செய்யும்போது அதைவிடக் கனநேரம் கை குடுத்திருக்கு. ஆக, பிரச்சினை தீன் இல்லாதது மட்டுமில்லை, பக்கத்தில நிக்கிறவருக்குக் கிடைக்கிறதும்தான். இன்னொன்றும் கவனிச்சிருக்கினம்: ஒன்றுக்கு சொசேஜ், மற்றதுக்குப் பாண் என்று குடுத்தால் நாய்கள் அதைப் பெரிசா எடுக்கேல்லையாம். எதுவுமே கிடைக்காததுதான் உறைச்சிருக்கு. கச்சான் எங்களைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதைக் “கொழுப்பு” என்று சொல்லிச் சிரித்த நாங்கள், இதை வாசிச்சபிறகு சிரிக்கேல்ல.

மாசியில் முதல் சண்டை வந்தது. மதிலுக்கு மேல ஒரு பூனை. இரண்டும் கீழ நின்று துள்ளித் துள்ளிக் குரைச்சுது. எட்டேல்ல. எட்டாத கோபம் பக்கத்தில நின்ற ஆளில இறங்கிச்சு. விலக்கப் போன எங்களில ஒருவருக்குக் கையில பல்லுப் பட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடி ஊசி போட வேண்டி வந்தது. (இரண்டுக்கும் தடுப்பூசி போட்டிருந்தும் போய்க் காட்டினோம். கடிச்சது எந்த நாய் என்றாலும் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணியில வடிவாக் கழுவிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. இதில யோசிக்க ஒன்றும் இல்லை.) சண்டைக்கு நடுவில கையை விடக்கூடாது என்பதை அன்றைக்குப் படித்தோம். இப்ப கிணத்தடியில ஒரு வாளி தண்ணி எப்பவும் நிரம்பி இருக்கு.

பக்கத்து வீட்டு ஐயா மதிலுக்கு மேலால எட்டிப் பார்த்து, “விடுங்கோ பிள்ளையள், ஆர் பெரிய ஆள் எண்டு அதுகள் அடிபட்டு முடிவெடுக்கட்டும்” என்றார். இதுவும் ஊர் முழுக்க இருக்கிற நம்பிக்கை. ஊர் என்ன, உலகம் முழுக்க. 1947இல் ருடோல்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதினதில இருந்து வந்த கதை இது. பேந்து டேவிட் மெக் 1970இல் எழுதின ஓநாய்ப் புத்தகம் “தலைவன் ஓநாய்” என்ற எண்ணத்தை இன்னும் பரப்பினது. அதே மெக்தான் 1999இல் தன்ர பழைய கருத்தைத் தானே திருத்தி எழுதினார்: காட்டில ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள், அங்க அடிபட்டு ஆரும் தலைவனாக வாறேல்ல. முப்பது வருசத்துக்குப் பிறகு “நான் சொன்னது சரியில்லை” என்று எழுத ஒரு ஆராய்ச்சியாளருக்கு மனம் வந்திருக்கு. எங்கட ஊர்ப் பெரியாக்களுக்கு ஒரு நாயில பிழை விட்டதாச் சொல்ல மனம் வராது.

ஐயாவின்ர காற்சட்டை கிழிஞ்சது அதற்கு அடுத்த கிழமை. அன்ரிக்குக் கோல் போச்சு. அன்ரி கோபப்படேல்ல, அதுதான் பயமா இருந்தது. “சீசர் நிக்கட்டும் பிள்ளையள். மற்றதை எங்கயாவது கொண்டுபோய் விட்டிடுங்கோ” என்றா.

எங்கயாவது. இந்தச் சொல்லின்ர அர்த்தம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். மீன் சந்தைப் பக்கம், கோயில் வீதி, ஊர் எல்லையில ஒரு பத்தை. இருட்டினாப்பிறகு ஒரு சாக்கு, ஒரு மோட்டச்சைக்கிள். எங்கட வீடுகளில் சின்ன வயதில் காணாமல் போன குட்டிகள் எல்லாம் எங்க போனதென்று இப்ப எங்களுக்குத் தெரியும். நாங்களும் சாக்கு எடுத்தோம். இதை மறைக்க விரும்பேல்ல. “சந்தையில மீன் தலை கிடைக்கும், சீவிச்சிடும்” என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டோம். சாக்கை நிலத்தில விரிச்சவுடனே கச்சான் வந்து அதுக்கு மேல படுத்திட்டுது. அது வழமையாப் படுக்கிறதே அந்தச் சாக்கிலதான். மோட்டச்சைக்கிள் கொண்டுவந்த சிநேகிதன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுபோட்டு, தேத்தண்ணி கேட்டான். அன்றைக்கு ஒருத்தரும் போகேல்ல.

அன்ரியிடம் இரண்டு மாதத் தவணை கேட்டோம். அதற்குப் பிறகு செய்ததைக் கொஞ்சம் விபரமாச் சொல்ல வேணும், ஏனென்றால் இதைச் செய்யக் காசு போகேல்ல, மானம்தான் போச்சு.

முதலில் பிரிச்சோம். ஒன்றைக் குசினிப் பக்கம் கட்டிவிட்டு மற்றதோட மட்டும் முன் விறாந்தையில் ஐந்து நிமிசம். காலமை விரிவுரைக்கு முதல் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. ஐந்து நிமிசத்துக்கு மேல கச்சானுக்கும் பொறுமை இல்லை, எங்களுக்கும் இல்லை. தீனுக்கு உப்பு, தூள் போடாமல் அவிச்ச கோழி ஈரல், கச்சான் கொட்டை அளவுத் துண்டு. கறி குடுக்கக்கூடாது, வெங்காயம் நாய்க்கு நஞ்சு. முதல் நாலைந்து நாள் பெயர் மட்டும்தான். “கச்சான்” என்றால் எங்களைப் பார்க்க வேணும், பார்த்தால் ஈரல். சீசருக்கும் அதே. தன்ர பெயர் தெரியாத நாய்க்கு இன்னொரு நாய்க்குப் பக்கத்தில வைத்து எதையும் சொல்லிக் குடுக்க ஏலாது, எங்கட முழுப் பிழையும் அங்கதான் தொடங்கினது.

பிறகு சொற்கள். “இரு”, “வா”, “விடு”, “சாக்கு” என்று நாலே நாலைக் குசினிச் சுவரில எழுதி ஒட்டினோம். ஐந்தாவது சொல் பாவிக்கிறவர் அன்றைக்குச் சட்டி கழுவ வேணும். (ஒரு எதிர்பாராத விளைவு: வீட்டுக்கு ஆராவது வந்து நாங்கள் “இருங்கோ” என்றால் சீசரும் இருந்தது.) நேரம்தான் பெரிய பாடம். கச்சான் இருந்த பிறகு நாங்கள் ஈரல் பையைத் தடவி எடுக்க மூன்று செக்கன் போகும், அதுக்குள்ள அது எழும்பிடும். ஆக, நாங்கள் கிழமைக்கணக்கா எழும்புறதுக்குத்தான் ஈரல் குடுத்திருக்கிறோம்! துண்டைக் கைக்குள்ள தயாரா வச்சிருக்கத் தொடங்கின பிறகு மூன்று நாளில் “இரு” வந்திட்டுது.

மூன்றாவது கிழமைதான் இரண்டையும் ஒன்றா விட்டோம். நாய்க்கு ஒரு ஆள், நடுவில நல்ல இடைவெளி. பேந்து ஒரு ஆள், இரண்டு நாய். பெயரை முதல் சொல்லி, பிறகு சொல். இதில நாங்கள் எதிர்பாராதது என்னவென்றால், வேலை செய்யிற நாயைவிடச் சும்மா காத்திருக்கிற நாய்தான் கஷ்டமான வேலை செய்யுது. சீசர் “வா”வுக்கு வரும்போது சாக்கில அசையாமல் இருக்கிற கச்சானுக்கும் கட்டாயம் ஒரு துண்டு. தனக்கும் வரும் என்று தெரிஞ்ச பிறகு அதுக்கு அவசரம் குறைஞ்சுது. சாப்பாடும் பிரிச்சாச்சு, ஒன்றுக்குக் கிணத்தடி, மற்றதுக்கு விறாந்தை. முடிய உடனே கோப்பையை எடுத்திடுவோம்.

எல்லாம் சரியாகேல்ல. பாண் ஓட்டோ வருகுது. அந்த பேத்தோவன் இசை ஒழுங்கை முனையில கேட்டால் போதும், இரண்டும் படலைக்கு. பாவ்லோவ் மணி அடிச்சுப் பார்த்ததை எங்கட ஒழுங்கையில் பாண்காரர் தினமும் பின்னேரம் செய்கிறார். இப்ப அந்தச் சத்தத்தோட “சாக்கு” சொல்லி, படுத்தால் பணிஸில ஒரு துண்டு குடுத்துப் பார்க்கிறோம். கச்சான் பத்தில ஏழு தரம் படுக்கும். சீசர் இரண்டு தரம். அதுக்கு இது ஆறு வருசப் பழக்கம், நாங்கள் பழக்கினது ஒன்றரை மாதம்.

அடிச்சால் கெதியா வந்திருக்கும் என்று சொல்வீர்கள். அடிச்சும் பார்த்தோம், மாசியில். ஒன்றை அடிக்க மற்றதும் பயந்து, பயந்தது சீறி, அன்றைக்கு இரவும் சண்டைதான். மிருகங்களுக்குக் கொடுமை செய்யக்கூடாது என்ற எங்கட நாட்டுச் சட்டம் 1907இல் வந்தது, அதில எழுதியிருக்கிற உச்சத் தண்டம் 100 ரூபா. அதைவிடக் கூட பாண் ஓட்டோவில ஒரு நாளைக்குச் செலவழிக்கிறோம்.

எங்களுக்கு உண்மையில் கோபம் வாறது வேற இடத்தில. கம்பஸ் ஒழுங்கைகளில் எங்களைப் போலப் பெடியள், பெட்டையள் தூக்கிவந்த குட்டிகள் எத்தனை நிக்குது என்று ஒருக்கா எண்ணிப் பாருங்கோ. முதல் வருசம் ஆசையாப் பெயர் வைச்சு, ஸ்ரேற்றஸ் போட்டு, நாலாம் வருசம் சோதினை முடிய பை கட்டிக்கொண்டு பஸ் ஏறியாச்சு. குட்டி வளர்ந்து படலையடியில் நிக்கும். அடுத்த வருசம் வாற பிள்ளையள் அதைக் கல்லால எறிவினம், ஏனென்றால் அது கடிக்கும். அது கடிக்கிறது அதுக்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்லிக் குடுக்காததால. தூக்கத் தெரிஞ்சவர்களுக்குப் பழக்கத் தெரியாவிட்டால், கருத்தடை செய்விக்கவும் ஊசி போடவும் காசு சேர்க்க ஏலாவிட்டால், தயவுசெய்து தூக்காதேங்கோ. மேசைக்குக் கீழ கிடந்தால் பாவம் என்று சொல்வீர்கள். நாங்களும் அப்பிடித்தான் சொன்னோம்.

சித்திரையில் அன்ரி வந்தா. இரண்டும் குரைச்சுது, “சாக்கு” என்றோம், கச்சான் போய்ப் படுத்தது, சீசர் அன்ரியின்ர காலடியில போய்ப் படுத்தது. அன்ரி ஒன்றும் சொல்லேல்ல. வாடகையை எண்ணி எடுத்துப்போட்டு, “அடுத்த வருசம் நீங்கள் போக இதுக்கு என்ன வழி?” என்று மட்டும் கேட்டா.

அதைத்தான் இப்ப இரவில கதைச்சுக்கொண்டிருக்கிறோம். எங்களில் ஒருவர் வவுனியாவில தன்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறதாச் சொல்லியிருக்கிறார். அம்மாவும் ஓம் என்றிட்டா. அங்க ஏற்கனவே இரண்டு நிக்குது.