ஆபரேஷனில் ஏற்றிய மருந்து கெடுதல் செய்தால்? – அமெரிக்கக் கோர்ட்டுகள் காட்டிய வழி

மாத்திரை என்றால், நாமே வாங்கி நாமே விழுங்குகிறோம். அதன் பெயர் நமக்குத் தெரியும். ஆபரேஷன் மேஜையில் அப்படி அல்ல. நோயாளி மயங்கிக் கிடக்கிறார். உடம்பில் என்ன மருந்து ஏறியது என்பது அவருக்கே தெரியாது.

அந்த மருந்தினால் சிறுநீரகம் கெட்டுப்போனால், அவர் யாரிடம் நியாயம் கேட்பது? அமெரிக்காவில் இந்தக் கேள்வி கோர்ட்டு வரை சென்றது.

ரத்தத்தைத் தடுக்கும் மருந்து

மருந்தின் பெயர், "டிராசிலால்." மாட்டின் நுரையீரலில் இருந்து எடுக்கப்படுவது. இருதய ஆபரேஷனின்போது ரத்தம் அதிகம் கொட்டாமல் இருக்க, இதை ஏற்றுவார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த பேயர் கம்பெனி இதை விற்றது. 1993-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுத்தது.

2006 ஜனவரியில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. 4,374 நோயாளிகளைப் பற்றியது அது. இந்த மருந்து ஏற்றியவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை அதிகம் என்று அது கூறியது.

செப்டம்பரில் சர்க்காரின் நிபுணர்கள் கூடி ஆலோசித்தார்கள். அப்போது கம்பெனியிடம் இன்னோர் ஆராய்ச்சியும் இருந்தது. 67,000 நோயாளிகளின் குறிப்புகளைப் பார்த்து, கம்பெனியே செய்வித்தது. அதுவும் மருந்துக்குப் பாதகமாகவே இருந்தது. ஆனால், கூட்டத்தில் கம்பெனி வாய் திறக்கவில்லை! சில நாள் கழித்தே விஷயம் வெளிவந்தது.

பிறகு கனடாவில் பெரிய சோதனை நடந்தது. இந்த மருந்து பெற்றவர்களில் 100-க்கு 6 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள். வேறு மருந்து பெற்றவர்களில் 100-க்கு 4 பேர்தான். 2007 நவம்பரில் விற்பனை நிறுத்தப்பட்டது.

யார் மீது வழக்கு?

டாக்டர் மருந்தைத் தவறாகக் கொடுத்திருந்தால், அவர் மீது வழக்குப் போடலாம். கம்பெனி ஆபத்தை மறைத்திருந்தால், கம்பெனி மீது போடலாம்.

ஆனால், வெற்றி எளிதல்ல. கம்பெனி எச்சரிக்க வேண்டியது டாக்டரைத்தான். "எனக்குத் தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்" என்று டாக்டர் சொன்னால் வழக்குக்குப் பலம். இருதய ஆபரேஷனுக்குப்பின் சிறுநீரகம் தானாகவும் கெடலாம். ஆகவே, கெடுத்தது மருந்துதான் என்றும் நிரூபிக்க வேண்டும்.

"சர்க்கார் அனுமதித்த மருந்து. எங்கள் மீது வழக்கா?" என்று கம்பெனிகள் கேட்பது உண்டு. 2009-ல் வேறொரு ஊசி மருந்து வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு இதற்குப் பதில் சொன்னது. அந்த ஊசியினால் ஒரு பெண் இசைக் கலைஞர் கையை இழந்தார். சர்க்கார் அனுமதி மட்டுமே கம்பெனியைக் காப்பாற்றாது என்பது தீர்ப்பு.

டிராசிலால் வழக்குகள் பல, 2008-ல் புளோரிடாவில் ஒரே நீதிபதியிடம் சேர்க்கப்பட்டன. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, பலருக்குப் பணம் கொடுத்து சமரசம் செய்தது. 2012-ல் ஐரோப்பிய நிபுணர்கள், மிகக் குறைந்த நோயாளிகளுக்கு மட்டும் மருந்தை மீண்டும் அனுமதிக்கலாம் என்றார்கள்.

காலம் கடந்தால்?

வழக்குத் தொடரக் கெடு உண்டு. சில மாகாணங்களில் ஓர் ஆண்டு. சிலவற்றில் இரண்டு, மூன்று ஆண்டுகள். கெடு தாண்டினால், எத்தனை நியாயம் இருந்தாலும் கோர்ட்டு கேட்காது.

அங்கே நோயாளிகளுக்குக் கைகொடுத்தது ஆஸ்பத்திரிக் குறிப்புதான். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது ஏற்றினார்கள் என்பது அதில் இருந்தது. மயங்கிக் கிடந்தவருக்கு அந்தக் காகிதமே சாட்சி!