தாய்மார் பக்கம்: தொப்புள்கொடி ரத்தம் சொல்லும் சேதி

"பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு, பாலும் குடிக்குது. பிறகு எதுக்கு இன்னும் வார்டுலயே வச்சிருக்காங்க?"

நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களில் பேரன் பிறந்த பாட்டிமார் கேட்கும் கேள்வி இது. காரணம் இருக்கிறது, அம்மா.

நம் அரசாங்க மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்து சிறிது ரத்தம் எடுக்கிறார்கள். குழந்தைக்கு வலி இல்லை. சோதனைக்கூடத்தில் அதை மருந்துநீரில் கலந்து, தாளில் பொட்டாக வைத்து, புற ஊதா வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். பொட்டு ஒளிர்ந்தால் நல்லது. மங்கியே இருந்தால், 'ஜி6பிடி' என்னும் நொதி குறைவு என்று பொருள்.

சிவப்பணுக்களைக் காப்பது அந்த நொதிதான். அது குறைந்தால் சிவப்பணுக்கள் எளிதில் உடையும். பிறந்த சில நாளில் மஞ்சள் காமாலை கடுமையாக ஏறலாம். கவனிக்காமல் விட்டால் மூளையைத் தாக்கும். காது கேளாமல் போகும், கைகால் விளங்காமல் போகும். அதனால்தான் சுமார் ஐந்து நாள் வைத்துப் பார்க்கிறார்கள். காமாலை ஏறினால் நீல விளக்கின் கீழ் கிடத்துவார்கள். காலை வெயிலில் காட்டுவது அதற்கு ஈடாகாது.

வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் பொறுப்பு. மூத்த பிள்ளையின் சட்டைகளைப் பாச்சை உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருப்பீர்கள். அவற்றை இந்தக் குழந்தைக்கு உடுத்தாதீர்கள். அந்த உருண்டையே வீட்டில் வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் நாட்டு மருந்தோ சீன மருந்தோ கொடுக்காதீர்கள். எந்த கிளினிக்குக்குப் போனாலும் "ஜி6பிடி குறைவு" என்று முதலில் சொல்லுங்கள்.

மாமியார்மாருக்கு ஒரு வார்த்தை. இக்குறை தாய்வழியாக வந்து, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளிடம் தெரியும். அதற்காக மருமகளைக் குத்திப் பேசாதீர்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரிடமும் இது உண்டு. விலக்க வேண்டியதை விலக்கினால் பிள்ளை மற்றவர்களைப் போலவே ஓடியாடி வளர்வான்.

1998 முதல் தொப்புள்கொடி ரத்தத்தில் தைராய்டு குறைவையும் பார்க்கிறார்கள். அக்குறை இருந்தால், இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சியைக் காப்பாற்றலாம். முடிவு நீங்கள் வீடு திரும்பிய பின்பும் வரலாம். ஆகவே தொலைபேசி எண்ணைச் சரியாகக் கொடுங்கள். அழைத்தால் அன்றே போங்கள். வெட்டு வேலை மறுநாள் காத்திருக்கும்.

வார்டை விட்டுக் கிளம்புமுன் மிஸ்ஸியிடம் ஒன்று கேளுங்கள்: "என் பிள்ளையின் ரத்தச் சோதனை முடிவு என்ன?" கேட்பதில் வெட்கம் இல்லை.