தள்ளிப்போட்ட வாடகையை யார் கட்டுவது?

2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணை பிறப்பித்தது. புலம்பெயர்ந்தோர் உள்ளிட்ட தொழிலாளர்களிடம் வீட்டு உரிமையாளர்கள் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது. தொழிலாளர்களையோ மாணவர்களையோ காலி செய்யச் சொன்னால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றது அந்த ஆணை. கடைகள் அடைத்துக் கிடந்த, கூலி நின்றுபோயிருந்த அந்த வாரத்தில் கேட்க இதமாகத்தான் இருந்தது. ஆனால், கேட்கப்படாத அந்த வாடகை பிறகு என்ன ஆகும் என்று அதில் இல்லை. தள்ளுபடியா, தவணையா, அடுத்த மாதம் சேர்த்துக் கட்ட வேண்டியதா? வாடகை வராத உரிமையாளருக்கு யார் ஈடு கொடுப்பது? கொரோனா காலம் முழுக்க வாடகைதாரர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் இந்தியாவில் கிடைத்த உதவியில் பெரும்பகுதி இப்படித்தான் இருந்தது: அரசு அவகாசம் கொடுத்தது, பணம் கொடுக்கவில்லை. பொதுச் சுகாதாரத்துக்காக அரசே ஒருவரின் வருமானத்தை நிறுத்தும்போது, அந்த இழப்பு வாடகைதாரர், உரிமையாளர், அரசு ஆகிய மூவருக்கும் எந்த விகிதத்தில் போகும் என்பதை நெருக்கடி வருமுன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். அப்படி எழுதவும் நடத்தவும் பொருத்தமான இடம் உள்ளாட்சி மன்றம்தான் என்பது என் வாதம்.

அவகாசம் என்பதன் குணத்தை வங்கிக் கடன் விஷயத்தில் தெளிவாகப் பார்த்தோம். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்ட வேண்டாம் என்றது ரிசர்வ் வங்கி. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வட்டிக்கும் வட்டி போடக் கூடாது என்று சொல்லவைக்க, கடன் வாங்கியவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. முழுத் தீர்ப்பு வந்தது 2021 மார்ச்சில். நடைபாதை வியாபாரிகளுக்கு அறிவிக்கப்பட்ட பிரதமர் ஸ்வநிதி திட்டமும் 10,000 ரூபாய்க் கடன்தான். வட்டி மானியம் உண்டு, அசலைத் திருப்பிக் கட்டியாக வேண்டும். மீண்டும் தொழில் தொடங்க அது உதவியிருக்கும். வண்டியே தள்ள முடியாமல் போன மாதங்களின் இழப்பை அது தொடவில்லை. தமிழ்நாடு அரசு 2020-ல் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும், 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் ரொக்கமாகக் கொடுத்தது. கையில் காசு வந்தது என்ற வகையில் அது மேலானது. ஆனால் சென்னையில் ஓர் ஒற்றை அறையின் மாத வாடகைக்கே அந்தத் தொகை போதாது. குடும்ப அட்டையைச் சொந்த ஊரில் வைத்துக்கொண்டு நகரத்தில் வாடகைக்கு இருப்பவருக்கோ, ரேஷன் கடை வழியாக வந்த அந்த உதவியை வாங்குவதே பெரும்பாடு.

சட்டத்தின் பக்கம் திரும்பினால் நிலைமை இன்னும் கறார். டெல்லி கான் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஒரு வாடகைதாரர், ஊரடங்கு காலத்துக்கு வாடகையை நிறுத்திவைக்கக் கேட்டுப் போன வழக்கில், 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. கடை இடிந்துபோகவில்லை, தற்காலிகமாகப் பயன்படுத்த முடியவில்லை என்பதற்காக வாடகைக் கடமை நீங்காது என்பது அதன் சாரம்; கட்டுவதற்குக் கொஞ்சம் அவகாசம் மட்டும் கிடைத்தது. சொத்து மாற்றுச் சட்டத்தின்படி அந்தத் தீர்ப்பில் குறை காண்பது கடினம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்திலும், இரண்டு மாத வாடகை பாக்கி இருந்தாலே காலி செய்யக் கோரலாம். முதல் ஊரடங்கே இரண்டு மாதம் நீடித்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

டெல்லியிலேயே இன்னொரு வழக்கு நடந்தது. உள்துறை ஆணை வந்த அதே மார்ச் 29 அன்று அப்போதைய டெல்லி முதல்வர் அரவிந்த் கேஜ்ரிவால் செய்தியாளர்கள் முன்னிலையில், வறுமையால் வாடகை கட்ட முடியாதவர்களுக்கு அரசே கட்டும் என்று சொன்னார். சொன்னதோடு சரி, திட்டம் எதுவும் வரவில்லை. தினக்கூலித் தொழிலாளர்களும் ஒரு வீட்டு உரிமையாளரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். முதல்வர் கொடுத்த வாக்கு நிறைவேற்றத்தக்கது, ஆறு வாரத்தில் முடிவெடுங்கள் என்று 2021 ஜூலையில் ஒற்றை நீதிபதி உத்தரவிட்டார். கான் மார்க்கெட் வழக்கைத் தீர்த்தவரும் அவர்தான். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை விதித்தது. வாடகைதாரரும் உரிமையாளரும் எதிரெதிர் முகாம்கள் என்று நாம் பழகிப்போன கணக்கு அந்த வழக்கில் பொருந்தவில்லை. இருவரும் ஒரே பக்கம் நின்று, இழப்பில் அரசின் பங்கு எங்கே என்று கேட்டார்கள். விதியாக எழுதப்படாத வாக்குறுதி என்பதால்தான் அது ஒற்றை நீதிபதியிடம் நின்றது, இரு நீதிபதிகள் அமர்வில் தடைபட்டது.

பணமே கொடுத்துவிட்டால் போதுமா என்றால், போதாது என்கிறது அமெரிக்க அனுபவம். காலி செய்யச் சொல்லத் தடை ஒருபுறமிருக்க, வாடகை உதவிக்கென்றே அந்நாட்டு நாடாளுமன்றம் இரண்டு தவணையாக 4,650 கோடி டாலர் ஒதுக்கியது. பணம் மாநிலங்கள், கவுன்ட்டிகள், நகரங்கள் வழியாகப் போக வேண்டும். 2021 ஜூலை இறுதிவரை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 510 கோடி டாலர். பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அடுத்த மாதமே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அங்கிருந்த மத்திய அரசின் தடையை நீக்கிவிட்டது. பல ஊர்களில் அந்த வேலைக்கு அலுவலகமே புதிதாக உருவாக வேண்டியிருந்தது. வருமானச் சான்று, வேலை போனதற்குச் சான்று, உரிமையாளர் கையெழுத்து என்று விண்ணப்பங்கள் தேங்கின. பிலடெல்பியா வேறு வழி பிடித்தது. வாடகை பாக்கிக்காக வழக்குத் தொடரும் முன் உரிமையாளர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும், வாடகைதாரருடன் சமரசப் பேச்சுக்கு வர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதனால் பணம் வந்து சேரும் வரை இரு தரப்பும் ஒரே மேசையில் இருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரமோ வெறும் தடையை 2023 ஜனவரி வரை இழுத்தது. 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரையிலான பாக்கியை எல்லாம் 2023 ஆகஸ்ட் 1-க்குள் கட்ட வேண்டும் என்று கெடு வைத்தது. ஒன்றரை ஆண்டு வாடகையை ஒரே நாளில் எடுத்துவைக்க முடிந்தவருக்கு அந்தத் தடையே தேவைப்பட்டிருக்காது.

கணக்கைச் சரியாகப் போட்டது சிங்கப்பூர். அங்கே நகரமும் நாடும் ஒன்றே என்பதால் அப்படியே நகலெடுக்க முடியாது. ஆனால் கணக்கின் அமைப்பைக் கற்கலாம். 2020 ஜூனில் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படி, வருமானம் முந்தைய ஆண்டைவிட 35 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்த சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கடை வாடகையில் நான்கு மாதம் வரை தள்ளுபடி கிடைத்தது. அதில் ஏறத்தாழ இரண்டு மாதத்தை அரசு ஏற்றது, இரண்டு மாதத்தை உரிமையாளர் ஏற்றார். அரசு தன் பங்கை எப்படிக் கொடுத்தது என்பதில்தான் சூட்சுமம். கடைகளுக்கான அவ்வாண்டுச் சொத்து வரியை முழுதும் தள்ளுபடி செய்து, அந்தச் சலுகையை உரிமையாளர் வாடகைதாரருக்குக் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் குற்றம் என்றது. மீதியை உரிமையாளருக்கு ரொக்க மானியமாக, வரித்துறையின் பதிவேட்டை வைத்தே அனுப்பியது. வாடகையை நம்பியே வாழும் சிறு உரிமையாளர் முறையிட்டால் அவர் பங்கு பாதியாகக் குறையவும் வழி இருந்தது. தள்ளுபடிக்கு மேலும் பாக்கி இருந்தால் மாதத் தவணையாகக் கட்டலாம்.

சொத்து வரிப் பதிவேடு இங்கே யாரிடம் இருக்கிறது? மாநகராட்சியிடமும் நகராட்சியிடமும்தான். எந்தக் கட்டடம் யார் பெயரில், எது குடியிருப்பு, எது கடை, எதில் உரிமையாளர் இருக்கிறார், எது வாடகைக்கு விடப்பட்டது என்ற விவரம் அங்கே ஓரளவுக்காவது உண்டு. தொழில் உரிமமும் தொழில் வரியும் அவர்கள் கையில். தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பும் அவர்கள் வேலையே. போதாக்குறைக்கு, வணிக வளாகங்களையும் சந்தைக் கடைகளையும் வாடகைக்கு விடும் உள்ளாட்சியே ஊரின் பெரிய கடை உரிமையாளர்களில் ஒருவர். விதி இல்லாததன் விளைவைச் சென்னையில் பார்த்தோம்: 2020 மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, சில நாள்களில் காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. கோயம்பேட்டுக்குத் திரும்பியது செப்டம்பர் இறுதியில். வியாபாரியை இடம் பெயர்க்க ஒரே நாளில் ஆணையிட முடிந்தது. இடம் பெயர்ந்ததால் வந்த இழப்பைப் பங்கிட யாரிடமும் விதி இருக்கவில்லை.

மன்றமும் இருக்கவில்லை. தமிழ்நாட்டின் மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். முதல் இரண்டு கொரோனா அலைகளையும் நம் நகரங்கள் தனி அலுவலர்களை வைத்தே கடந்தன. அவர்கள் இரவு பகலாக உழைத்ததை மறுக்கவில்லை. ஆனால் இந்த வார்டில் எத்தனை டீக்கடை மூடிக் கிடக்கிறது, யார் வீட்டில் சாமானை வெளியே வைத்தார்கள் என்று கேட்டு மன்றத்தில் எழுந்து பேச ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலம் அது. இதை நாம் பெரிதாகப் பேசவே இல்லை என்பது வியப்பு.

எதிர்வாதங்களில் கனமானது பணம் பற்றியது. சம்பளமும் ஓய்வூதியமும் கொடுக்கவே திணறும் நகராட்சி எங்கிருந்து கொடுக்கும்? நியாயமான கேள்வி. இந்தியாவில் சொத்து வரி வசூல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.2 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. சென்னையில் 1998-க்குப் பின் 2022 வரை வரி உயரவேயில்லை என்று சொல்லிவிடலாம்; 2018-ல் உயர்த்தியது மறு ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. சிங்கப்பூரில் கடைக்குச் சொத்து வரி ஆண்டு வாடகை மதிப்பில் 10 சதவீதம். அதை விட்டுக்கொடுத்தாலே ஒரு மாத வாடகைக்கு மேல் ஆகிறது. இங்கே அரையாண்டு வரியைத் தள்ளுபடி செய்தாலும் பல கட்டடங்களுக்கு ஒரு வார வாடகைகூடத் தேறாது. ஆகவே வரித் தள்ளுபடி மட்டும் நிவாரணமாகாது. பெரும்பங்கு மாநிலத்திடமிருந்தும் மத்திய அரசிடமிருந்தும் வர வேண்டும். உள்ளாட்சி செய்ய வேண்டியது, யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று தீர்மானித்துப் பட்டுவாடா செய்வது. 20,000 ரூபாய் வாடகையில் ஒரு மெஸ் நடக்கிறது, அரசாணையால் இரண்டு மாதம் மூடியது என்று வைத்துக்கொள்வோம். 40,000 ரூபாயில் பாதியை அரசு ஏற்று, கால் பங்கை உரிமையாளர் விட்டுக்கொடுத்தால், மெஸ்காரர் கட்ட வேண்டியது 10,000, அதையும் தவணையாக. கடை பூட்டப்படாமல் தப்பித்தால் வரி, உரிமக் கட்டணம், இரண்டு மூன்று பேர் சம்பளம் எல்லாம் தொடரும்.

வீட்டு உரிமையாளர் எல்லோரும் பணக்காரரா என்ற கேள்வியும் உண்டு. இல்லை. மாடியில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டு அந்தக் காசில் மருந்து வாங்கும் ஓய்வு பெற்றவர்கள் நம் நகரங்களில் ஏராளம். வாடகை கேட்காதே என்ற வெற்று ஆணை, அரசின் சுமையை இவர்கள் தலையில்தான் இறக்கிவைத்தது. பங்கீட்டு விதி கேட்பதற்கு ஒரு பாதிக் காரணமே இவர்கள். தனியார் ஒப்பந்தத்தில் அரசு தலையிடலாமா என்பவர்களுக்குச் சுருக்கமான பதில் போதும்: கடையைத் திறக்காதே என்று சொன்னபோதே தலையிட்டாயிற்று.

ஏமாற்றுவார்கள் என்பது அடுத்த அச்சம். சிலர் ஏமாற்றுவார்கள்தான். ஆனால் அமெரிக்காவில் சான்றுக்காகக் காத்திருந்த ஊர்கள் பணத்தை வைத்துக்கொண்டே தோற்றன. கடைசியில் அந்நாட்டு நிதித்துறையே, விண்ணப்பதாரரின் சொந்த உறுதிமொழியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்த வேண்டியதாயிற்று. முதலில் கொடுத்துவிட்டு, பொய் என்று பிறகு தெரிந்தால் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கலாம். உரிமையாளர் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. நம்மிடம் உள்ள உண்மையான ஓட்டை வேறு. வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை எழுத்தில் இல்லை, இருந்தாலும் பதிவில் இல்லை. வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொன்னாலும், வருமான வரிக்குப் பயந்து உரிமையாளரும், காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் வாடகைதாரரும் அதைத் தவிர்க்கிறார்கள். வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது சட்டம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் கேட்கப்படுகிறது. ‘அட்வான்சில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி எத்தனையோ குடும்பங்கள் அந்த மாதங்களை ஓட்டின. நிவாரணம் என்ற பெயரில் அவர்கள் தின்றது தங்கள் சொந்தப் பணத்தையே. பதிவு செய்த ஒப்பந்தத்துக்குத்தான் பங்கீட்டு உதவி என்று ஆக்கினால், பதிவு செய்ய இருவருக்கும் முதன்முறையாக ஒரு காரணம் கிடைக்கும். உரிமையாளர் பதிய மறுத்தால் வாடகைதாரர் தனியாகவே பதியவும் இடம் வைக்க வேண்டும்.

அதற்குள்ளும் அடங்காதவர்கள் இருக்கிறார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் கட்டிலுக்குக் காசு கொடுத்துத் தங்குபவர், கடைக்காரரிடம் பேசி அவர் வாசலில் நாள் வாடகைக்குப் பூக்கடை போடுபவர், முதலாளியின் குடோனிலேயே படுத்துக்கொள்ளும் வடமாநிலத் தொழிலாளி. இவர்களை எந்தச் சட்டமும் வாடகைதாரர் என்று அழைப்பதில்லை. இவர்களுக்கு ஒப்பந்தப் பதிவை நிபந்தனையாக வைக்க முடியாது. வார்டு அளவில் பெயர்ப் பட்டியலும் நேரடி ரொக்கமுமே வழி. அந்தப் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பது சண்டைக்குரிய விஷயம். ஒவ்வொரு மன்றமும் அந்தச் சண்டையை ஊரடங்கு இல்லாத ஒரு சாதாரண மாதத்தில், கூட்ட அரங்கில், நடவடிக்கைக் குறிப்பில் ஏறும்படி போட்டு முடித்து, தீர்மானமாக மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும். 2022-ல் தேர்வான நகர மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது.