றோபோவுக்குக் காணி விற்க முதல்



"சென்னைக்குப் போனால் றோபோ ஒப்பரேசன், மூன்று நாளில் எழும்பி நடக்கலாம்" என்ற கதை எங்கள் பக்கமும் உலாவுகிறது. குடலில் புற்றுநோய் என்றதும் காணி உறுதியைத் தேடும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. வாசித்து விளங்கியதைச் சொல்கிறேன்.

முதலில், றோபோ தானாக வெட்டுவதில்லை. வைத்தியர்தான் பக்கத்தில் இருந்து அதன் கைகளை இயக்குகிறார். வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே செய்வதை லப்பரஸ்கோப்பியிலும் செய்யலாம். நோவு குறைவு, கெதியாக வீடு திரும்பலாம் என்ற நன்மைகளில் பெரும்பங்கு அதிலேயே கிடைக்கிறது.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 10 நாடுகளில் மலக்குடல் புற்றுநோயாளர் 471 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. இடையில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது றோபோவில் 8.1 வீதம், லப்பரஸ்கோப்பியில் 12.2 வீதம். அந்த வித்தியாசம் உறுதியானதென்று சொல்ல முடியவில்லை. பிறகு சீனாவில் 1,240 பேரிடம் செய்த ஆய்வில் றோபோ முந்தியது. மூன்று வருடத்தில் அதே பகுதியில் நோய் திரும்பியது 1.6 வீதம், மற்றதில் 4 வீதம். ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வித்தியாசம் ஒரு நாள் அளவுதான். அதுவும் மலக்குடலின் நடு, கீழ்ப்பகுதி நோய்க்கு, கைதேர்ந்த வைத்தியர்கள் செய்தது.

ஆகவே என் கருத்து இது. நோய் மலக்குடலின் கீழே இருந்தால் றோபோவைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். பெருங்குடலின் மேற்பகுதி என்றால் அதற்காகக் காணி விற்கத் தேவையில்லை. உயிரைத் தீர்மானிப்பது கருவியை விட, எந்தக் கட்டத்தில் போனோம் என்பதுதான்.

நாங்கள் பிந்துவது அங்கேதான். மலத்தோடு இரத்தம் போனால் "மூலவியாதி" என்று கைமருந்து. பெண்கள் வெட்கத்தில் வீட்டில்கூடச் சொல்வதில்லை. மலம் போகும் வழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடித்தால், காரணமில்லாமல் மெலிந்தால், இரத்தசோகை வந்தால் முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். மேலதிக சிகிச்சைக்கு யாழ்ப்பாணம், தெல்லிப்பழை, மகரகம இருக்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சனம் நடந்து காசு சேர்த்தது. அது எங்களுக்காகத்தான்.

ஒப்பரேசனுக்குப் பிறகும் எங்களுக்கு வேலை உண்டு. "அசையாமல் படு" என்று மறிக்காமல், வைத்தியர் சொன்னபடி நேரத்தோடு எழுப்பி நடக்க வையுங்கள். வயிற்றில் பை வைத்தவரை ஒதுக்காதீர்கள். பள்ளிக்கும் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் அவர் வரட்டும்.

காணி நிற்கட்டும். வெட்கத்தை விடுவோம்.